டீச்சரின் பதினொரு நிமிடக் குரல்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஆவணி மாதத்தில் ஒரு வியாழக்கிழமை, விழுப்புரத்தில் நான் வேலை பார்க்கும் இடத்தில் நடந்தது இது. அன்றைக்கு ஏதோ தவறு நடந்துவிட்டதாக எங்கள் யாருக்கும் தெரியாது. எல்லாம் சரியாக முடிந்தது என்று நினைத்து, மத்தியானம் நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

பார்வை இல்லாத மாணவர்களுக்குப் பாடப் புத்தகங்களை வாசித்து, பதிவு செய்து கொடுக்கும் ஒரு சிறிய அமைப்பு எங்களுடையது. விழுப்புரத்தில் பதிவு அறை. திண்டிவனத்தில் இன்னொரு சின்ன அலுவலகம். அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் பாடங்களை வாங்கிப் போவது அங்கேதான். நான் அரிசி மில்லில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவன். முதுகு ஒத்துழைக்காமல் போன பிறகு, கூட்டிப் பெருக்கவும் கதவு திறக்கவும் இங்கே சேர்ந்தேன். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. ஆனால் ஆள் பற்றாக்குறையான இடத்தில் எல்லோரும் எல்லா வேலையும் செய்ய வேண்டியிருக்கும். எங்கள் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் இன்ஜினியர் சென்னையிலிருந்து மாதம் ஒரு முறை சேவையாக வந்து போகிறவர். அவர்தான் திரையில் எல்லாவற்றையும் தமிழில் வருமாறு மாற்றிவைத்து, பதிவுப் பொத்தானை அழுத்தவும், கோப்புகளை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு அனுப்பவும் எனக்குச் சொல்லிக்கொடுத்தார்.

எங்களுக்காக வாசித்தவர்களில் ஒரு டீச்சர் இருந்தார். திண்டிவனத்தைத் தாண்டி, மேல்சித்தாமூர் போகும் ரோட்டில் ஒரு கிராமம். அரசுப் பள்ளி ஆசிரியை. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் வேதபாடம் வாசிப்பவரும் அவர்தான் என்று சொல்வார்கள். சனிக்கிழமைதோறும் பஸ் பிடித்து வருவார். மூன்று வருடம் அப்படி வந்தார். அறிவியல், சமூக அறிவியல், தமிழ் என்று எது கொடுத்தாலும் வாசிப்பார். மண்ணின் வகைகளைக்கூட ஏதோ ருசியான சங்கதி போலக் கேட்கவைக்கிற குரல்.

சுவரில் முட்டை அட்டையும் பழைய கம்பளியும் ஒட்டிய சின்ன அறை அது. ஃபேன் ஓடினால் சத்தம் பதிவாகும். நிறுத்தினால் வேர்த்து ஊற்றும். அவருக்கு வேர்க்கிறதே என்று நான் ஃபேனைப் போட்டுவிட்டு மறந்துவிடுவேன். அவர் வாசிப்பை நிறுத்திவிட்டுக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கும் என்னைப் பார்ப்பார்.

"அண்ணே, ஃபேன நிறுத்துங்க. பிள்ளைங்க மண்ணப் பத்திக் கேப்பாங்களா, நெல்லு மிஷின் ஓட்றதக் கேப்பாங்களா?"

நான் தலையைக் குனிந்துகொண்டே நிறுத்துவேன். எனக்கு யாரிடமும் முகம் பார்த்துப் பேச வராது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். போன் வந்தாலும் மூன்று முறை மணி அடித்த பிறகுதான் எடுப்பேன். அவருக்கு அது தெரியும். அதனால் என்னிடம் பதில் எதிர்பார்க்காத மாதிரிதான் எதையும் பேசுவார்.

அந்த வருடம் அவருடைய குரல் கம்ம ஆரம்பித்தது. சளி என்று நினைத்தோம். இரண்டு சனிக்கிழமை வரவில்லை. பிறகு, வழக்கமில்லாமல் அந்த வியாழக்கிழமை காலையில் வந்தார். தொண்டையில் கட்டி என்றும், அன்றைக்குச் சாயங்காலமே புதுச்சேரியில் ஒரு ஆஸ்பத்திரியில் சேரப்போவதாகவும், சனிக்கிழமை ஆபரேஷன் என்றும் சொன்னார். குரல் வரும் இடத்தையே எடுத்துவிடுவார்களாம்.

"உசுருக்குப் பயமில்லன்னு டாக்டர் சொல்லிட்டாரு. பேச்சு மட்டும் இருக்காதாம். பரவால்ல அண்ணே. இருவத்திரண்டு வருசம் கத்தியாச்சி, போதும்" என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

அவர் வந்தது பாடம் வாசிக்க இல்லை. தன் வீட்டுக்காகக் கொஞ்சம் பேசிப் பதிவு செய்ய வேண்டும் என்றார். வீட்டில், கணவரும் மகளும் பக்கத்தில் இருக்கும்போது பேசினால் அழுகை வந்துவிடுகிறதாம். "இந்த ரூம்புல உக்காந்தா பாடம் வாசிக்கிற நெனப்பு வந்துடும். அழுகை வராது."

பொத்தானை அழுத்திவிட்டு நான் கண்ணாடிக்கு வெளியே வந்துவிட்டேன். ஃபேனை மறக்காமல் நிறுத்தினேன். பதிவு செய்யும்போது ஹெட்போனில் கேட்டுக்கொண்டிருப்பது என் வேலை. அன்றைக்கு முதல் அரை நிமிடம் மட்டும் கேட்டேன். காலையில் மகளை எழுப்புவது போலக் கூப்பிட்டார். வீட்டில் வைத்த செல்லப் பெயர். ஒரு முறை மெதுவாக, ஒரு முறை அதட்டி, ஒரு முறை கெஞ்சி. நான் ஹெட்போனைக் கழற்றி மேஜைமேல் வைத்தேன். அது எனக்கானது இல்லை.

பதினொரு நிமிடம். வெளியே வந்தபோது முகம் வேர்த்திருந்தது, அழுதிருக்கவில்லை.

தன் வீட்டு டிஸ்க் ஒன்றைக் கணவர் காலையிலேயே திண்டிவனம் அலுவலகத்தில் கொடுத்திருக்கிறார் என்றார் டீச்சர். கறுப்பு நிறத்தில், கையளவு பெட்டி. மகளின் சின்ன வயது போட்டோக்கள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. அவற்றோடு இதையும் சேர்த்து வைக்க வேண்டும். மூன்று மணிக்குக் கணவர் டிஸ்கை வாங்கிக்கொள்வார். பிறகு இருவரும் அப்படியே புதுச்சேரி பஸ் ஏறிவிடுவார்கள்.

"அண்ணே, இன்னொன்னு. அங்க போய்ச் சேந்ததும் இங்க இருக்கறத அழிச்சிடுங்க. எடிட் பண்றவங்க, டிரஸ்ட்டுக்காரங்க யாரும் கேக்க வேணாம். எனக்கு வெக்கமா இருக்குது. நீங்கன்னா சொன்னதச் செய்வீங்க."

"சரிங்க டீச்சர்" என்றேன். அதைச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

இந்த இடத்தில் எங்கள் வேலை முறையைச் சொல்ல வேண்டும். விழுப்புரம் கம்ப்யூட்டரில் கோப்புகளைக் காட்டும் ஜன்னலைத் திறந்து, திண்டிவனம் என்று எழுதியிருக்கும் படத்தைத் தட்டினால், அந்த ஊர்க் கம்ப்யூட்டரின் போல்டர்கள் எல்லாம் இங்கே தெரியும். இங்கிருந்து இழுத்து அங்கே போட்டால் போய்விடும். அங்கே செருகியிருக்கும் டிஸ்குக்கும் அனுப்பலாம். ஆனால் டிஸ்கைச் செருகினால் மட்டும் போதாது. அந்த ஊரில் இருப்பவர், தன் திரையில் டிஸ்கின் பெயரை ஒரு முறை தட்டித் திறந்துவிட வேண்டும். பெயருக்குப் பக்கத்தில் சின்ன அம்புக்குறி ஒன்று வரும். இதை மவுண்ட் பண்ணுவது என்பார் இன்ஜினியர். அப்படித் திறந்தால், 'வெளி டிஸ்க்' என்று அவர் பெயர் வைத்திருக்கும் போல்டருக்குள் அந்த டிஸ்க் வந்து உட்காரும்படி செய்துவைத்திருந்தார். நான் இங்கிருந்து அந்தப் போல்டரில் போடுவது டிஸ்குக்குள் போகும்.

"அண்ணே, மவுண்ட் ஆவலன்னா அது வெறும் போல்டர்தான். அதுல போட்டீங்கன்னா அந்தக் கம்ப்யூட்டர்லயே தங்கிடும், டிஸ்குக்குப் போவாது. வெளிய இருந்து பாக்க ரெண்டும் ஒண்ணு மாரிதான் இருக்கும். அதனால போன் பண்ணிக் கேட்டுட்டு அனுப்புங்க" என்று அவர் ஒரு முறை சொல்லியிருந்தார். நான் தலையாட்டினேன். பாதிதான் புரிந்தது. மீதியைக் கேட்கக் கூச்சம்.

திண்டிவனம் அலுவலகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது ஒரு பெண். என்னைவிடப் பத்து வயது இளையவர். வேலையில் கெட்டிக்காரர், வாயிலும்தான். அன்று காலை, டீச்சர் டிஸ்கைப் பற்றிச் சொன்னதுமே, அவருக்கு இரண்டு முறை போன் செய்தேன். டிஸ்க் வந்ததா என்று ஒரு முறை. திறந்துவிட்டீர்களா என்று ஒரு முறை. அன்றைக்குப் பார்த்து அங்கே பிள்ளைகளுக்குப் பாடம் கொடுக்கும் நாள். பெற்றோர்கள் கூட்டம்.

"தொறந்துட்டேண்ணே, தொறந்துட்டேன். எத்தினி வாட்டி கேப்பீங்க? இங்க ஒரே பேஜாரா இருக்குது. உங்களுக்கு நம்பிக்க இல்லன்னா ஜல்தியா ஒரு பஸ்ஸப் புடிச்சி வந்து பாத்துட்டுப் போங்க."

பின்னால் யாரோ சிரிக்கும் சத்தம் கேட்டது. அந்த அம்மா கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. எனக்குத்தான் காது சுட்டது.

மத்தியானம் டீச்சரை பஸ் ஸ்டாண்டு ஆட்டோவில் ஏற்றிவிட்டு வந்தேன். திரையில் திண்டிவனம் ஜன்னல் தொடர்பு அறுந்து கிடந்தது. அங்கே கரண்ட் போயிருக்கும். கொஞ்ச நேரம் கழித்துத் தட்டிப் பார்த்தேன், திரும்ப வந்திருந்தது. கரண்ட் போய் வந்தால் கம்ப்யூட்டர் தானாக எழுந்துகொள்ளும். ஆனால் டிஸ்க் தானாகத் திறந்துகொள்ளாது. மறுபடி யாராவது தட்ட வேண்டும். இது எனக்குத் தெரியாது என்று சொல்லமாட்டேன். தெரியும். முன்பு இரண்டு மூன்று முறை அப்படி ஆகியிருக்கிறது. ஒரு போன் செய்திருக்க வேண்டும்.

கையில் போனை எடுத்தேன். மூன்றாவது முறையாகக் கேட்டால் அந்த அம்மா என்ன சொல்வார், பின்னால் யார் சிரிப்பார்கள் என்று நினைத்தேன். கீழே வைத்துவிட்டேன்.

'வெளி டிஸ்க்' போல்டரைத் திறந்தேன். காலியாக இருந்தது. மகளின் போட்டோக்கள் இருப்பதாக டீச்சர் சொன்னாரே என்று ஒரு கணம் தோன்றியது. வேறு எங்காவது எடுத்துவைத்திருப்பார்கள் என்று எனக்கு நானே பதில் சொல்லிக்கொண்டேன். இன்னொருவரிடம் கேட்கப் பயப்படுகிறவனுக்குத் தனக்குத் தானே பதில் சொல்லிக்கொள்வது எளிது.

பதிவை இழுத்து அதில் போட்டேன். பச்சைக் கோடு மெல்ல நகர்ந்து முடிந்தது. கோப்பு அங்கே தெரிந்தது. சரியாகப் போயிருக்கிறதா என்று அங்கிருந்தே தட்டிக் கேட்டேன். டீச்சர் தொண்டையைச் செருமுவது கேட்டது. போதும் என்று மூடினேன். பிறகு அவருக்குக் கொடுத்த வாக்கை நிறைவேற்றினேன். விழுப்புரத்தில் இருந்ததை அழித்தேன். திரையில் இருக்கும் குப்பைத் தொட்டியையும் காலி செய்தேன். அதன் பிறகுதான் அந்தச் சாப்பாடு.

மூன்று மணிக்குக் கணவர் வந்து டிஸ்கை வாங்கிப்போனதாகத் திண்டிவனத்திலிருந்து செய்தி வந்தது.

பத்து நாள் கழித்து இன்ஜினியர் திண்டிவனத்துக்கு வந்திருந்தார். அந்தக் கம்ப்யூட்டர் அடிக்கடி நின்றுபோகிறது, எல்லாவற்றையும் துடைத்துவிட்டுப் புதிதாகப் போடப்போகிறேன் என்று எனக்குப் போன் செய்தார்.

"பாடமெல்லாம் தனியா எடுத்து வச்சிட்டேண்ணே. உங்க பக்கத்துலேந்து போட்டது வேற ஏதாச்சும் இதுல இருக்குதா? ஒரு வாட்டி பாத்துடட்டுமா?"

காலியாக இருந்த அந்தப் போல்டர் அப்போது என் மனதில் வந்தது. பொய் சொல்லவில்லை, வந்தது. 'சார், வெளி டிஸ்க் போல்டரை ஒரு தடவை பாருங்க' என்று கேட்க எனக்கு மூச்சு விடும் நேரம்கூட ஆகாது. ஆனால் கேட்டால், ஏன் என்பார். கரண்ட் போனதையும், போன் செய்யாததையும் சொல்ல வேண்டி வரும். சொல்லிக்கொடுத்ததை மறந்துவிட்டீங்களா அண்ணே என்பார். அன்பாகத்தான் சொல்வார். அதுவும் எனக்கு வேண்டாம் என்று இருந்தது.

"இல்லிங்க" என்றேன்.

வாழ்க்கையில் நான் பேசியதே குறைவு. அதில் திரும்ப வாங்கிக்கொள்ள முடிந்தால் வாங்கிக்கொள்வேன் என்று இருப்பது அந்த ஒரு வார்த்தைதான்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று கேள்விப்பட்டோம். டீச்சர் வீடு திரும்ப ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. தான் வீட்டுக்கு வந்த பிறகுதான் அதைக் கேட்க வேண்டும் என்று அவர் சொல்லியிருந்தாராம். ஒரு திங்கட்கிழமை காலை அவர் கணவர் அலுவலகத்துக்குப் போன் செய்தார். மூன்று முறை மணி அடித்த பிறகு எடுத்தேன்.

"டீச்சர் வூட்டுக்காரர் பேசறேங்க. டிஸ்க்குல போட்டோ மட்டுந்தான் இருக்குது. பாப்பா தேடித் தேடிப் பாக்குது. எந்தப் பேர்ல போட்டிருக்கிறீங்கன்னு சொன்னா நல்லா இருக்கும்."

நாற்காலியில் உட்கார்ந்தது நினைவிருக்கிறது. என்ன சொல்லி போனை வைத்தேன் என்பது நினைவில்லை.

இன்ஜினியரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கரண்ட் போனது, போன் செய்யாதது, காலியாக இருந்தது, 'இல்லிங்க' என்றது. அவர் திட்டவில்லை. மறுநாளே லீவு போட்டுவிட்டுத் திண்டிவனம் வந்தார். துடைத்த இடத்தில் ஏதாவது மிச்சம் இருக்குமா என்று இரண்டு நாள் தோண்டினார். நானும் பக்கத்தில் நின்றேன். அந்த ஒரு மாதத்தில் அதன்மேல் பிள்ளைகளின் பாடங்கள் ஏகப்பட்டவை எழுதப்பட்டுவிட்டன. உடைந்த துண்டுகள் சில கிடைத்தன. எதிலும் சத்தம் இல்லை. விழுப்புரத்திலும் தேடினார். அங்கே நான் சுத்தமாகத் துடைத்திருந்தேன்.

அலுவலகப் பெண் ஓரமாக நின்று அழுதார். "டிஸ்க எடுக்கும்போது அம்புக்குறி இல்லண்ணே. கூட்டத்துல நானும் கவனிக்கல. நீங்க ஒரு வார்த்த கேட்டிருந்தா திட்டிக்கினேவாவது பாத்திருப்பேனே."

டீச்சர் வீட்டுக்கு நேரில் போய்ச் சொல்வது என் வேலை என்றேன். இன்ஜினியர் கூட வருகிறேன் என்றார். வேண்டாம் என்றேன். நான் ஒருவரை மறுத்துப் பேசியது அநேகமாக அதுதான் முதல் முறை.

அவர்கள் வீட்டு வாசலில் மல்லாட்டை, வேர்க்கடலைதான், காய்ந்துகொண்டிருந்தது. கணவர் கால்களால் அளைந்துவிட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "வாங்க வாங்க. டீச்சரு ஒங்களப் பத்தி எழுதிக்கினே இருப்பாங்க, ஃபேன் அண்ணேன்னு" என்று உள்ளே கூட்டிப்போனார்.

டீச்சர் கழுத்தில் மெல்லிய வெள்ளைத் துணி கட்டியிருந்தார். மடியில் ஒரு சிலேட்டு. பள்ளிக்கூடத்திலிருந்து கொண்டுவந்ததாக இருக்கும். மகள் தண்ணீர் கொடுத்தாள். பதினோராம் வகுப்புப் பிள்ளை. அவளுடைய செல்லப் பெயர் எனக்குத் தெரியும். அதை அவள் அம்மா எப்படிக் கூப்பிடுவார் என்பதும் தெரியும். கடைசியாக அதைப் பதிவில் கேட்டவன் நான்தான் என்று நினைத்து, தம்ளரைக் குடிக்காமல் கீழே வைத்தேன்.

தரையைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். எதையும் மறைக்கவில்லை. கணவர் எழுந்து வாசல் வரை போய்த் திரும்பி வந்தார்.

"ஒரு போனு. ஒரே ஒரு போனு பண்ணிக் கேட்டிருந்தா என்னய்யா? அந்தம்மா சிரிச்சா சிரிச்சிட்டுப் போவுது. ஒன் வாய்ல என்ன முத்தா உதிந்துடும்?"

மரியாதை போய்விட்டது. போக வேண்டியதுதான். எனக்கு அது கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது.

மகள் மெதுவாகக் கேட்டாள். "அதுல அம்மா என்ன பேசினாங்க? நீங்க கேட்டீங்களா?"

"உன்னக் காலையில எழுப்பற மாரி கூப்பிட்டாங்கம்மா. மூணு விதமா. அதுக்கு மேல நான் கேக்கல. கேக்கக் கூடாதுன்னு எடுத்துட்டேன்."

"கேட்டிருக்கலாம்ல" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். எழுந்து உள்ளே போய்விட்டாள்.

டீச்சர் சிலேட்டில் எழுதினார். எழுதி என் பக்கம் திருப்பினார். பாடம் வாசிக்கிற குரலைப் போலவே நிதானமான எழுத்து.

'அழிக்கச் சொன்னது நான்.'

அவர் என்னைக் காப்பாற்ற எழுதினார். ஆனால் அதைப் படித்தபோதுதான் எனக்குத் தாங்கவில்லை. நான் அவர் சொன்னதைச் செய்தேன். எனக்குச் சொல்லிக்கொடுத்ததைத்தான் செய்யவில்லை.

அவருடைய குரல் வேறு எங்கும் இல்லை என்று சொல்ல முடியாது. அவர் போனில், பள்ளிப் பிள்ளைகளுக்கு அனுப்பிய வீட்டுப்பாடக் குரல்கள் இருந்தன. எங்களிடம் மூன்று வருடப் பாடங்கள் இருந்தன. ஆனால் ஒரே வீட்டில் இருப்பவர்கள் ஒருவரை ஒருவர் கூப்பிடுவதை யார் பதிவு செய்து வைக்கிறார்கள்? திண்டிவனம் பஸ்ஸில் திரும்பும்போது இதை யோசித்துக்கொண்டே வந்தேன். அப்போதுதான் ஒன்று நினைவுக்கு வந்தது. பிள்ளைகளுக்குக் கொடுப்பது வெட்டிச் சரிசெய்த பாடங்கள். இருமல், தடுமாற்றம், நடுவில் பேசியது எல்லாவற்றையும் எடுத்துவிடுவார்கள். ஆனால் வெட்டுவதற்கு முந்தைய பதிவுகளும் ஒரு பழைய டிஸ்கில் கிடந்தன. யாரும் அழிக்கச் சொல்லாததால் இருந்தன.

மறுநாளிலிருந்து மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அவற்றைக் கேட்க ஆரம்பித்தேன். எங்கேயாவது, எதற்காகவாவது, மகளின் பெயரை அவர் சொல்லியிருக்கமாட்டாரா என்று. மூன்று வருடச் சனிக்கிழமைகள். தை பிறந்த பிறகும் கேட்டுக்கொண்டிருந்தேன். மண்ணின் வகைகள், மழை, இலைகள் உணவு தயாரிக்கும் விதம், சோழர்கள், வாக்காளர் பட்டியல். நடுநடுவே அவர் தண்ணீர் குடிக்கிறார். பக்கம் ஒட்டிக்கொண்டதற்குச் சலித்துக்கொள்கிறார். "அண்ணே, ஃபேனு." "அண்ணே, வெளிய நாயி குலைக்குது பாருங்க." "அண்ணே, ஒரு நிமிசம்." "அண்ணே, தூங்கிட்டீங்களா?" எத்தனையோ முறை என்னைக் கூப்பிட்டிருக்கிறார். எண்ண ஆரம்பித்து, முப்பதைத் தாண்டியதும் எண்ணுவதை விட்டுவிட்டேன். மகளின் பெயர் ஒரு இடத்தில்கூட இல்லை.

ஒரே ஒரு இடத்தில், நதிகளைப் பற்றிய பாடத்தின் நடுவில், அவர் போன் அடிக்கிறது. "சொல்லும்மா" என்கிறார். குரல் சட்டென்று மாறுகிறது. டீச்சர் குரல் போய் அம்மா குரல் வருகிறது. "சாப்டியா? இரு, ரூம்ப வுட்டு வெளிய வர்றேன், பதிவாவுது." நாற்காலி நகர்கிறது. கதவு திறந்து மூடுகிறது. பிறகு ஒன்றும் இல்லை. திரும்பி வந்து காவிரியைத் தொடர்கிறார். எங்கள் பதிவு கெடக்கூடாது என்று மகளோடு பேச வெளியே போயிருக்கிறார். அன்றைக்கும் நான் கண்ணாடிக்கு வெளியேதான் உட்கார்ந்திருந்திருப்பேன். எனக்கு நினைவில்லை.

அதையும், நடுவில் பேசிய மற்றதெல்லாவற்றையும் சேர்த்துத் தரும்படி எடிட் செய்பவரிடம் கேட்டேன். வாய் திறந்து, முகம் பார்த்துக் கேட்டேன். அவர் செய்து கொடுத்ததை எடுத்துக்கொண்டு நானே பஸ்ஸில் திண்டிவனம் போனேன். டீச்சர் வீட்டிலிருந்து டிஸ்கை வாங்கிவந்து செருகினேன். அலுவலகப் பெண்ணைக் கூப்பிட்டுத் தட்டச் சொன்னேன். அம்புக்குறி வந்ததைப் பார்த்தேன். போல்டரைத் திறந்தேன். போட்டோக்கள் இருந்தன. முன்பல் இல்லாத ஒரு சின்னப் பிள்ளை, சர்ச் வாசலில், வெள்ளை கவுனில். அன்றைக்கு ஒரே ஒரு போன் செய்திருந்தால், விழுப்புரத்தில் உட்கார்ந்துகொண்டே இந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்திருப்பேன். பார்த்திருந்தால் எல்லாம் சரியாக நடந்திருக்கும்.

"போதுமாண்ணே, இன்னொரு வாட்டி பாக்கணுமா?" என்று அந்தப் பெண் கேட்டார். இந்த முறை கிண்டல் இல்லை.

"இன்னொரு வாட்டி பாத்துடலாம்மா" என்றேன்.

வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து கேட்டார்கள். 'அண்ணே, தூங்கிட்டீங்களா' வந்தபோது கணவர் சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். 'சொல்லும்மா' வந்தபோது மகள், "இது நான் பண்ண போனு. பரிட்சை முடிஞ்ச அன்னிக்கி" என்றாள். கதவு மூடும் சத்தத்தோடு அது நின்றது. அவள் மறுபடி அந்த இடத்துக்குப் போனாள். மறுபடி கதவு மூடியது. நான்காவது முறை டீச்சர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

இன்றைக்கும் அதே இடத்தில்தான் வேலை பார்க்கிறேன். திண்டிவனத்துக்கு எதை அனுப்பினாலும் போன் செய்து கேட்கிறேன். கரண்ட் போனால் மறுபடி கேட்கிறேன். சிரிக்கிறவர்கள் சிரிக்கிறார்கள். அது ஒன்றும் வலிக்கவில்லை. இவ்வளவு சின்ன விஷயத்துக்கா பயந்தோம் என்பதுதான் வலிக்கிறது. பதிவு அறையில் ஃபேனை நிறுத்தும் ஒவ்வொரு முறையும் எனக்குத் தோன்றுவது ஒன்றுதான்: டீச்சர் என்னைக் கூப்பிட்ட குரல் அத்தனையும் பத்திரமாக இருக்கிறது. அவர் தன் பிள்ளையைக் கூப்பிட்ட குரலை மட்டும், ஒரு வார்த்தை கேட்கக் கூச்சப்பட்டு நான் தொலைத்துவிட்டேன்.